ஆனந்தராஜா அத்தானும் நாலு நாட்டு மீனும்

அத்தானின் முப்பத்தோராம் நாளுக்கு அடித்த நினைவு மலரில் அவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார்கள். பண்பாளர், கடல்வள ஆய்வாளர், பழகுவதற்கு இனியவர். பழகுவதற்கு இனியவர் என்று எழுதிய மனிதர் அவரோடு ஒரு நாள்கூடப் பழகியிருக்க மாட்டார். ஆனந்தராஜா அத்தான் என் அக்கா செல்வமலரின் கணவர். லண்டனில், கிங்ஸ்பரியில் அவர்கள் வீட்டில் நான் எட்டு வருஷம் இருந்தேன். எனக்குத் தெரிந்த அத்தான் நல்லவர், கெட்டிக்காரர், மூக்குக்கு மேல் ரோசம் உள்ளவர். அந்த ரோசம் அவரை என்ன செய்தது என்பதை நினைவு மலரில் போட முடியாது. அதனால் நான் இங்கே எழுதுகிறேன்.

மற்ற விஷயங்களில் அந்த ரோசம் அடங்கித்தான் கிடக்கும். வேலை இடத்தில் யாராவது ஏசினால் பேசாமல் வருவார். பஸ்ஸில் ஒரு குடிகாரன் தொப்பியைத் தட்டிவிட்டபோதும் குனிந்து எடுத்துப் போட்டுக்கொண்டார். அழைப்பு என்று வந்தால் மட்டும் ஆள் மாறிவிடுவார். யாழ்ப்பாணத்தாருக்கு இது புதிதல்ல. ஒரு கலியாணம் என்றால் கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு, புருஷனும் பெண்சாதியுமாக வீட்டுக்கு வந்து, இருந்து, தேத்தண்ணி குடித்து, கட்டாயம் வரவேணும் என்று வாயால் சொல்ல வேண்டும். லண்டனுக்கு வந்த பிறகு முக்கால்வாசிப் பேர் இதைக் கைவிட்டுவிட்டார்கள். ஷிப்ட் வேலை, தூரம், குளிர் என்று காரணத்துக்கா பஞ்சம்? அத்தான் கைவிடவில்லை.

நோர்பரியில் இருந்த அவருடைய சித்தப்பா மகன் பத்மநாதன் தன் மகள் பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்தியச் சடங்குக்குக் கார்டைத் தபாலில் அனுப்பிவிட்டான். அத்தான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரையைக்கூடப் பார்த்தார்.

"தபால்காரன் வந்து அழைச்சிருக்கிறான். அவன்தான் போகவேணும்" என்றார்.

அக்கா பத்மநாதனுக்கு இரகசியமாகப் போன் எடுத்துச் சொல்ல, அவன் அடுத்த சனிக்கிழமை பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு லண்டனின் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு ட்ரெயின் மாறி மாறி வந்து சேர்ந்தான். அத்தான் அவனை இருத்தி, வடை கொடுத்து, ஊர்ப் புதினம் எல்லாம் பேசி, ஒன்றும் நடக்காதது போல அனுப்பிவைத்தார். சடங்குக்கு முதல் ஆளாகப் போய் நின்றார். நாங்கள் சிரித்துக்கொண்டோம். அப்போது அது சிரிக்கக்கூடிய விஷயமாக இருந்தது.

அத்தான் கொழும்பில் மீன்பிடித் திணைக்களத்தில் ஆராய்ச்சி அதிகாரியாக இருந்தவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் வீடு எரிந்த பிறகு அக்காவோடு லண்டனுக்கு வந்தார். முதலில் நீஸ்டனில் ஒரு பெற்றோல் ஷெட்டில் நின்றார். எண்பத்தைந்தில் யூஸ்டனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை கிடைத்தது. கீழே விமான டிக்கெட் விற்கும் கடை, மேலே இரண்டு அறை. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் வரிசையாக இருக்கும் நாலு நாடுகள் தங்கள் மீன்பிடிக் கணக்குகளை அங்கே அனுப்பும். அந்த நாலையும் ஒன்றாக்கிப் பார்ப்பதுதான் வேலை. நாலும் பக்கத்துப் பக்கத்து நாடுகள். ஆனால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போன் எடுத்தால் லைன் ஐரோப்பாவைச் சுற்றித்தான் போகும். ஒரு தலைநகரிலிருந்து அடுத்ததற்குப் பறக்கவும் லண்டனுக்கோ பாரிசுக்கோ வந்து திரும்புவது சுலபம். அதனால்தான் அந்தக் கடலைப் பற்றிய வேலை லண்டனில் நடந்தது.

அத்தான் இதை எனக்கு எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறார். நான் கவுன்சிலில் கிளார்க். மீனைச் சட்டியில் மட்டும் தெரியும். ஆனாலும் விளங்கியது. அந்தக் கரையில் சாளை இனத்து மீன் ஒன்று இருக்கிறது. ஏழைச் சனத்தின் சாப்பாடு அதுதான். அது ஒரு நாட்டின் ஆற்றுவாய்களில், உப்புத்தண்ணியில் நிற்கும் கண்டல் மரக் காடுகளுக்குள்ளே குஞ்சாக வளர்கிறது. பிறகு கரையோடு ஓடி அடுத்த நாட்டில் பெரிதாகிறது, மூன்றாவது நாட்டில் முட்டையிடுகிறது. மீனுக்கு எல்லை தெரியாது. நாடுகளுக்குத் தெரியும். ஒவ்வொரு நாடும் தனக்கு வசதியான மாதத்தில் மீன்பிடியை நிறுத்தியது. அந்த நேரம் தூரத்திலிருந்து வந்த பெரிய ட்ரோலர் கப்பல்கள் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பக்கத்து நாட்டுக் கடலில் அதே மீனை அள்ளின.

"ஒரு வீட்டுக் கதவைப் பூட்டிப்போட்டு மற்ற மூண்டையும் திறந்துவிட்டால் கள்ளன் ஏன் பயப்பிடுறான்?" என்பார் அத்தான்.

நாலு நாடும் ஒரே இரண்டு மாதத்துக்கு, ஒரே நேரத்தில் கடலைப் பூட்ட வேண்டும். அவருடைய ஆசை அவ்வளவுதான். கேட்பதற்குச் சின்ன விஷயம். அதற்கு நாலு நாடும் ஒரே கணக்கை நம்ப வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன் கணக்கை யார் நம்புவார்கள்? எல்லோரும் மற்றவன் கூடப் பிடித்துக் குறையச் சொல்கிறான் என்றே நினைத்தார்கள். எண்பத்தேழில் அத்தான் ஆறு கிழமை அந்தக் கரை முழுக்கத் திரிந்தார். நாலு நாட்டு இறங்குதுறைகளிலும் நின்று, ஒரே கேள்விகளை ஒரே மாதிரிக் கேட்டு வந்தார். வந்ததும் கடதாசிகளை ஒட்டி நீளமாக ஒரு படம் கீறினார். கரை, ஆற்றுவாய், எந்த மாதம் மீன் எங்கே என்று நிறம் நிறமாக. எங்கள் விறாந்தைச் சுவர் போதாமல் அது மாடிப்படி வரைக்கும் போனது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதை ஏதோ பிள்ளையின் பள்ளிக்கூட வேலை என்று நினைப்பார்கள்.

அந்தப் பயணத்தில் கிடைத்தவர்தான் கோக்கர். சியரா லியோனில் ஃப்ரீடவுனைச் சேர்ந்தவர், அங்கே மீன்பிடி இலாகாவில் பெரிய அதிகாரி. அகன்ற ஆள், வெடித்த சிரிப்பு. லண்டன் வழியாகப் போகும்போதெல்லாம் எங்கள் வீட்டில்தான் தங்குவார். பத்திரிகைத் தாளில் சுற்றிய புகைபோட்ட மீனோடு வந்து இறங்குவார். அக்கா அதில் கத்தரிக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைப்பாள். கோக்கர் அதைப் புட்டோடு குழைத்துக் கையால் சாப்பிட்டுவிட்டுத் தன் சாப்பாட்டுக் கோப்பையைத் தானே கழுவி வைப்பார். அக்கா அவரைக் கோக்கர் அண்ணை என்பாள். அத்தானும் அவரும் குசினி மேசையில் தலையோடு தலை முட்டிக்கொண்டு கணக்குப் பார்ப்பார்கள். பேசுவது ஆங்கிலம். ஆனால் என் காதில் கோக்கரின் பேச்சு எங்கள் தமிழாகத்தான் நிற்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

எண்பத்தொன்பதில் அந்த அலுவலகத்தை மூடிவிட்டார்கள். பண உதவி கொடுத்தவர்கள் நிறுத்திவிட்டார்களாம். அத்தான் பார்க் ரோயலில் ஒரு சாமான் களஞ்சியத்துக்கு வேலைக்குப் போனார். ஆனாலும் மீனை விடவில்லை. சம்பளமும் இல்லை, பதவியும் இல்லை; வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, தேத்தண்ணியோடு படத்துக்கு முன்னால் இருப்பார். கோக்கர் அங்கிருந்து புதுக் கணக்குகளை அனுப்புவார். இவர் திருத்தி அனுப்புவார். அந்த மனுஷனின் முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம் இருந்தது. களஞ்சியத்தில் பெட்டி தூக்குகிற ஆளின் முகம் இல்லை அது.

தொண்ணூறில் அவர்கள் கேட்டது நடக்கும் போல வந்தது. நாலு நாட்டு அதிகாரிகளும் லண்டனில் கூடி, கடலை ஒன்றாகப் பூட்டுவதற்குக் கையெழுத்து வைப்பதென்று முடிவானது. கூட்டத்தை ஒழுங்குபண்ணும் குழுவுக்குக் கோக்கர்தான் தலைவர். இடம் கிறீன் பார்க் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். கிங்ஸ்பரியில் ஏறினால் ட்ரெயின் மாறவே தேவையில்லை. கோக்கர் போன் எடுத்துத் திகதியைச் சொன்னார். படத்தைச் சின்னதாக்கி நாலு பிரதி அனுப்பச் சொன்னார். அத்தான் அன்றைக்கே அனுப்பினார். சூட்டை லோண்ட்ரிக்குக் கொடுத்தார்.

அப்புறம்தான் பழைய அலுவலகத்தில் மேலாளராக இருந்த ஹாலோவே என்ற வெள்ளைக்காரர் போன் எடுத்தார். கதையோடு கதையாக, கூட்டத்துக்குத் தனக்கு அழைப்பிதழ் வந்துவிட்டது, தடித்த மட்டையில் நல்ல எழுத்தில் அடித்திருக்கிறார்கள், உமக்கும் வந்திருக்குமே என்று கேட்டிருக்கிறார். அத்தான், "வரும், வரும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அது வரவில்லை. அத்தான் ஒவ்வொரு நாளும் தபால்காரன் போன பிறகு கதவடியில் குனிந்து பார்த்தார். தபாலில் வந்த கார்டை ஏளனம் செய்த மனுஷன், தபாலில் ஒரு கார்டுக்காக நின்ற நிலையைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கூட்டம் நெருங்க நெருங்கப் பேச்சுக் குறைந்தது. கடைசியில் ஒரு பின்னேரம் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"நான் போகமாட்டன்" என்றார்.

அக்கா அகப்பையோடு நின்றுவிட்டாள். "என்னப்பா விசர்க்கதை கதைக்கிறியள்? கோக்கர் அண்ணை போன் எடுத்துச் சொன்னவரெல்லே?"

"அவர் அறிவிச்சவர். அழைக்கேல்லை. கூட்டம் இன்ன நாள் எண்டு சொன்னவர், படம் அனுப்பச் சொன்னவர். வாரும் எண்டு ஒரு சொல்லு சொன்னவரோ? வேலையில இருக்கேக்க நான் தேவைப்பட்டன். இப்ப பெட்டி தூக்கிறவனுக்கு என்னத்துக்குக் கார்ட்?"

"நீங்களே ஒருக்கா எடுத்துக் கேளுங்கோவன் அத்தான்" என்றேன் நான்.

"கேட்டு வாங்கிற அழைப்பும் ஒரு அழைப்போ வசந்தி? உங்கட கொப்பர் அப்பிடி ஒரு வீட்டு வாசல் மிதிச்சிருப்பாரோ?"

எங்கள் அப்பாவை இழுத்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்பா செய்யாததெல்லாம் நாங்களும் செய்யாட்டி, நாங்கள் இஞ்ச லண்டனில நிண்டிருக்க மாட்டம்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன். அத்தானின் மனம் அசையவில்லை. கோக்கர் அந்தக் கிழமை லண்டனுக்கு வந்து, கூட்டக்காரர்களோடு ஹோட்டலில் தங்கினார். எங்கள் வீட்டுக்கு வர நேரமில்லை. அதையும் அத்தான் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

கூட்டம் தொடங்கிய காலை அவர் லீவு எடுத்திருந்தார். சூட் போட்டு, டை கட்டி, சப்பாத்தும் போட்டுக்கொண்டு முன்னறையில் இருந்தார். ஏதாவது நடந்து, யாராவது வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று அந்த மனம் நம்பியது. எனக்கு இன்றைக்கும் அந்த உருவம்தான் முதலில் ஞாபகம் வரும். போன் அடித்தது. அத்தான் எழும்பி, பிறகு இருந்துவிட்டார். கையால் அக்காவைக் காட்டினார். அக்கா எடுத்தாள். கோக்கர்தான். எங்கே ஆனந்த், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று கேட்டிருக்கிறார். அக்கா போனைக் கையால் பொத்தினாள். அத்தானைப் பார்த்தாள். அத்தான் சுவரைப் பார்த்தார்.

"அவருக்குக் கடும் காய்ச்சல் கோக்கர் அண்ணை. எழும்ப ஏலாமல் கிடக்கிறார்" என்று பதற்றத்தில் தமிழில் தொடங்கி, பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள்.

அந்தப் பொய்தான் எல்லாவற்றையும் பூட்டியது. அதற்கு முன் ரோசம் மட்டும் இருந்தது, ரோசம் ஆறக்கூடியது. காய்ச்சல்காரன் அடுத்த நாள் சூட் போட்டுக்கொண்டு போய் நிற்க முடியுமா? அத்தான் மூன்று நாளும் வீட்டுக்குள்ளேயே கிடந்தார்.

மூன்றாம் நாள் பின்னேரம் வாசலில் பெல் அடித்தது. அக்கா ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அத்தான் கத்தியைப் போட்டுவிட்டு மாடிப்படியில் ஓடினார். நான் கதவைத் திறந்தபோது கோக்கர் ஒரு பை தோடம்பழத்தோடு நின்றார். மேலே கூட்டிப் போனேன். அத்தான் கழுத்து வரைக்கும் போர்த்துக்கொண்டு கிடந்தார். வெங்காயத்தில் கண் இரண்டும் சிவந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

"ஐயோ, உம்மை நல்லாத்தான் போட்டு வாட்டியிருக்கு" என்றார் கோக்கர். கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தார். ஒரு பழத்தை உரித்துச் சுளை சுளையாக அத்தானின் கையில் வைத்தார். வேறு நேரமென்றால் நான் வெளியே போய் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

"கையெழுத்து வைச்சாச்சோ?" என்று அத்தான் கேட்டார்.

கோக்கர் இல்லை என்று தலையை ஆட்டினார். "முதல் நாள் நல்லாத்தான் போச்சு. ரெண்டாம் நாள் உம்மட படத்தை விரிச்சம். தெற்குப் பக்கத்து நாட்டு அதிகாரி எழும்பி, எங்கட கணக்கை இதில போட்டது ஆர், பக்கத்து நாட்டுக்காரரோ எண்டு கேட்டார். நான் விளக்கினன். நல்லா விளக்கினன் ஆனந்த். ஆனா நான் ஆர்? நானும் ஒரு பக்கத்து வீட்டுக்காரன். என்ரை வாயால வந்தா அது குற்றச்சாட்டு. உம்மட வாயால வந்தாத்தான் அது கணக்கு. அவையள் எல்லாரையும் நீர் நேரில கண்டு கதைச்சனீர். எங்க அந்த மனுஷன் எண்டு அவரே கேட்டார். காய்ச்சல் எண்டன். அப்ப அவர் வரட்டும், அடுத்த வருஷம் பாப்பம் எண்டு தள்ளி வைச்சிட்டினம்."

அத்தான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கையில் அந்தப் பழச்சுளைகள் நசிந்துபோய் இருந்தன.

"ஒண்டும் யோசியாதையும். அடுத்த வருஷம் நீர் சுகமா இருப்பீர்" என்று அவருடைய தோளில் தட்டிவிட்டுக் கோக்கர் ஏர்போர்ட்டுக்குப் போனார். தேத்தண்ணியோடு அறை வாசலில் நின்ற எனக்கு, அந்தப் போர்வையை இழுத்து எறிய வேண்டும் போல இருந்தது.

அடுத்த வருஷம் பங்குனியில் சியரா லியோனில் சண்டை தொடங்கிவிட்டது. நாலு நாட்டில் ஒன்று எரிந்தால் மற்ற மூன்றும் மீனைப் பற்றிப் பேசுமா? எல்லைக்காவலே போன கடலில் யாரும் வந்து எதையும் அள்ளலாம் என்று ஆனது. எரிகிற நாடு எப்படி இருக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோக்கரிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. ஒரு தடவை போனும் வந்தது. அத்தான் ஒன்றுக்கும் பதில் கொடுக்கவில்லை. எழுதுங்கோ என்று அக்கா கெஞ்சினாள்.

"என்னத்தை எழுத? காய்ச்சல் மாறிட்டுது எண்டோ?" என்றார்.

சண்டை தொடங்கி நாலு மாதம் கழித்துப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினார். கிழிக்கவில்லை, சுருட்டி அலுமாரிக்கு மேலே வைத்தார். அதன் பிறகு, தமிழ்க் கடை தேடி டூட்டிங் வரைக்கும் போய் மீன் வாங்கி வருவதையும் நிறுத்தினார். களஞ்சியத்தில் சுப்பர்வைசர் ஆக்கினார்கள். பத்மநாதனின் மகளுக்குக் கலியாணம் வந்தபோது கார்ட் தபாலில் வந்தது. பேசாமல் போய் வந்தார். மனுஷன் திருந்திவிட்டார் என்று சனம் சொன்னது. திருந்திய ஆள் அப்படியா சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழும்பிப் போவார்? அந்தக் கரைக்காக வேறு ஆட்கள், வேறு கூட்டங்கள் நடத்துகிறார்கள் என்று எப்போதாவது பேப்பரில் இரண்டு வரி வரும். அதை வெட்டி வைக்க மாட்டார், ஆனால் இரண்டு தரம் வாசிப்பார்.

தொண்ணூற்றேழு வைகாசியில் ஃப்ரீடவுனில் இராணுவத்தார் ஆட்சியைப் பிடித்து ஊரைச் சூறையாடினார்கள். டிவியில் பார்த்தோம். அத்தான் எழும்பி வெளியே தோட்டத்துக்குப் போய்விட்டார். அந்த இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை நான் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அப்போது எனக்குக் கலியாணமாகி ஹரோவில் இருந்தேன். மத்தியானம் பின்பக்கத்துக் குசினிக் கதவை யாரோ தட்டினார்கள். அக்கா திறந்தாள். கோக்கர் நின்றார். பாதி ஆளாகியிருந்தார். யாரோ கொடுத்த கோட் தோளில் தொங்கியது. போன் எடுக்கவில்லை, சொல்லி அனுப்பவில்லை. வள்ளத்தில் பக்கத்து நாட்டுக்குத் தப்பி, அங்கிருந்து லண்டனுக்கு வந்து, பெக்கமில் தமக்கை வீட்டில் இருக்கிறாராம்.

"சிஸ்டர், பசிக்குது" என்றார்.

அக்கா அழுதுகொண்டே சோறு போட்டாள். அவர் வழமை போல மேசை மூலையில் இருந்து சாப்பிட்டார். அத்தான் மாடியிலிருந்து இறங்கி வந்து, கதவடியில் நின்று, பிறகு எதிரே இருந்தார். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கோக்கர் ஊரைப் பற்றிச் சொன்னார். அலுவலகம் எரிந்தது, வள்ளக்காரர் காலையில் போய் வெறும் வலையோடு வருவது, சந்தையில் அந்த மீன் இப்போது பணக்காரர் சாப்பாடு ஆனது. அத்தானைக் குறைசொல்லி ஒரு வார்த்தை இல்லை. ஏன் பதில் எழுதவில்லை என்றுகூடக் கேட்கவில்லை. அத்தானுக்கு அதுதான் தாங்கவில்லை என்று நினைக்கிறேன்.

"நான் ஒண்டு கேக்கவேணும்" என்றார் திடீரென்று. "அந்தக் கூட்டத்துக்கு எனக்கு ஏன் கார்ட் வரேல்லை?"

கோக்கருக்கு விளங்கவில்லை. "என்ன கார்ட்?"

"அழைப்பிதழ். ஹாலோவேக்கு வந்தது. எனக்கு வரேல்லை."

கோக்கர் கொஞ்சம் யோசித்தார். பிறகு அந்தப் பழைய சிரிப்பு வெடித்தது. "அது வெளி ஆக்களுக்கு அடிச்சது! ஹாலோவே விருந்தாளி. நீர் என்ரை பக்கத்தில, குழுவோட இருக்கவேண்டிய ஆள். உம்மட பேரைக் கதிரைக்கு முன்னால நானே எழுதி வைச்சனான். வீட்டு ஆளுக்கு ஆர் கார்ட் குடுக்கிறது ஆனந்த்?"

அக்காவின் கலியாணத்துக்கு எனக்கு யாரும் கார்ட் தரவில்லை. அப்பா ஊரெல்லாம் ஏறி இறங்கி அழைத்தார், தன் தம்பியை அழைக்கவில்லை. பந்தல் போட வந்தவரே அவர்தான். எங்கள் சனத்திலும் அதுதானே வழக்கம்! அத்தானுக்குத் தெரியாததா? தெரியும். வேலை போன மனுஷனுக்கு அது மறந்துபோனது. தான் எங்கேயும் ஒரு வீட்டு ஆளாக இருக்க முடியும் என்ற நினைப்பே அவருக்கு இல்லாமல் போயிருந்தது.

கோக்கர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அத்தானின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது.

"உமக்குக் காய்ச்சல் இருந்ததெல்லே?" என்று கேட்டார்.

அக்கா தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய சட்டியையே திரும்பக் கழுவினாள்.

"நான் வந்திருந்தா கையெழுத்து வைச்சிருப்பினமோ?" என்றார் அத்தான்.

எங்கள் ஆட்கள் என்றால் இந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருப்பார்கள். விதி, காலம், நீர் வந்தும் ஒன்றும் ஆகியிருக்காது என்று ஏதாவது. கோக்கர் நேர்மையான மனிதர். கேட்ட கேள்வியை நன்றாக யோசித்தார்.

"ஓம்" என்றார். "வைச்சிருப்பினம். பேனையைக் கையில எடுத்து வைச்சுக்கொண்டுதான் உம்மைத் தேடினவை."

பிறகு சண்டை வந்திருக்கும்தான். ஆனால் மற்ற மூன்று நாடும் பூட்டியிருக்கும், கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும் என்றார். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. எழும்பி, கையைத் துடைத்து, கோட்டைப் போட்டார். சாப்பிட்ட கோப்பை கழுவாமல் மேசையிலேயே கிடந்தது. அத்தானும் பின்னால் போனார். வாசலில் கோக்கர் நின்று திரும்பினார். அத்தானின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, மிகவும் மரியாதையாகச் சொன்னார்:

"மிஸ்டர் ஆனந்தராஜா, வாற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் குடும்பத்தோட எங்கட வீட்டுக்குச் சாப்பாட்டுக்கு வரவேணும். நான் நேரில வந்து அழைக்கிறன்."

அவர் குத்திக்காட்டச் சொன்னதல்ல. இவருக்கு இது வேண்டும், இதை நான் கொடுக்கத் தவறிவிட்டேன் என்று நினைத்துத்தான் சொன்னார். அக்காகூட ஆறுதலாகச் சிரித்தாள். அத்தான் "கட்டாயம் வாறம்" என்றார். கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றார்.

"அழைச்சுப்போட்டுப் போறார் வசந்தி" என்றார். அந்த வீட்டில் அத்தான் வாய்விட்டு அழுததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். கோக்கரின் தமக்கை மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து, கண்ணாடிக் கோப்பைகள் வைத்திருந்தார். அத்தான் அந்தச் சூட்டைத்தான் போட்டிருந்தார். கோக்கர் அவரை நல்ல கதிரையில் இருத்தி, கேட்டுக் கேட்டுப் பரிமாறினார். கடலைப் பற்றி இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. இந்த வருஷம் லண்டனில் குளிர் கொஞ்சம் முந்தி வந்துவிட்டது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.